களப்பயணம் இல்லாமல் நிலவியல் படிக்க முடியாதா?

கேள்வி, 2023 ஜூலை 9
என் மகள் பி.எஸ்சி. நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டிசம்பரில் அரியலூர், சேலம் பக்கம் களப்பயணம், அதற்குப் பணம் கட்டுங்கள் என்கிறார்கள். கொரோனா காலத்தில் இதையெல்லாம் கணினியில் காட்டியே மதிப்பெண் போட்டார்களாம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அலமாரி நிறையக் கல் இருக்கிறது. பிறகு எதற்கு வெயிலில் அலைய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

பதில், 2023 ஜூலை 9, இரவு
அலமாரியில் இருப்பது வேறொருவர் பொறுக்கி எடுத்த கல். ஆயிரம் கல்லைத் தாண்டிப் போய், பாடப்புத்தகத்தில் உள்ள வர்ணனைக்கு ஒத்துவருகிற ஒன்றைத் தேடி, கைக்கு அடங்கும் அளவில் உடைத்து, எண் ஒட்டி வைத்திருக்கிறார். கஷ்டமான வேலையை அவரே முடித்துவிட்டார். உங்கள் மகளுக்கு மிச்சம் இருப்பது பெயர் சொல்வது மட்டும்.

சென்னை பல்லாவரத்தில் கிடைக்கும் சார்னோக்கைட் என்ற பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் அது கருநீலச் சாயலில், எண்ணெய் தடவியதுபோன்ற குவார்ட்ஸ் என்ற கனிமத்தோடு இருக்கும். முதல் மாதத்திலேயே எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதே மாணவர்களை ஒரு குன்றின் முன் நிறுத்தினால் பழுப்பேறிய, தோல் உரிந்த ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டு, 'சார்னோக்கைட் எங்கே சார்?' என்பார்கள். வெயிலும் மழையும் பட்ட தோல் ஒன்று, உள்ளே இருக்கும் பாறை வேறு. சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டிப் புதுப்பரப்பைப் பார்க்க வேண்டும் என்று அங்கேதான் கைக்குத் தெரியும்.

பணம் கட்டலாமா என்றால், கட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: அங்கே போய் மாணவர்களை என்ன செய்யச் சொல்கிறார்கள்? பதில் 'பல இடங்களைப் பார்ப்போம்' என்று வந்தால் யோசியுங்கள்.

2023 ஜூலை 12
'உதாரணம் வேண்டும், பொதுவாகப் பேசாதீர்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்று ஓர் ஊர். ஊருக்கு வெளியே மழைநீர் அரித்து அரித்து மேடும் ஓடையுமாக ஆக்கிய களிமண் பூமி. புல் பூண்டு அதிகம் கிடையாது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடி. கணவாய் போன்ற கடல்பிராணியான பெலெம்னைட்டின் துண்டுகள் தோட்டா வடிவத்தில் தரையில் கிடக்கும். குனிந்து பார்த்தால் அம்மோனைட் என்ற பிராணியின் சுருள் ஓட்டு உடைசல் தெரியும். களிமண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக ஜிப்சம்.

பாடத்தில் என்ன படித்துவிட்டு வருகிறார்கள்? 'கடல்நீர் ஆவியாகி வற்றினால் ஜிப்சம் படியும்.' ஆகவே மாணவர் நோட்டுப்புத்தகத்தை எடுத்து உடனே எழுதுகிறார்: கடல் வற்றியது. தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

மாணவர்களை அழைத்துப்போகும் ஆசிரியனான நான் அங்கே ஒன்றும் சொல்வதில்லை. 'ஓடைக்குள் இறங்கி, வெட்டுச்சுவரில் ஒரு ஜிப்சம் பட்டையை அது முடிகிற இடம் வரை தொடர்ந்து போ' என்று மட்டும் சொல்வேன். கொஞ்ச தூரம் படிவோடு படிவாக, கிடையாகவே போகும். மாணவருக்குத் தன் பதில்மேல் நம்பிக்கை கூடும். பிறகு அந்தப் பட்டை சட்டென்று மேலேறி, களிமண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அடுத்த அடுக்குக்குப் போய்விடும். வெட்டுகிறது என்றால், வெட்டுப்படுவதற்குப் பின்னால் வந்தது. கையில் எடுத்து லென்ஸில் பார்த்தால் பட்டைக்குள் நார் நாராகப் படிகங்கள், விரிசலின் சுவருக்குக் குறுக்காக நிற்கும். களிமண் விரிசல் விட்டபின் நிலத்தடி நீர் கொண்டுவந்து நிரப்பியது அது. கடல் வற்றியதற்கான சாட்சி அல்ல.

அதோடு இன்னொரு கேள்வியும் காலடியிலேயே கிடக்கிறது. அம்மோனைட் திறந்த கடலில் வாழ்ந்த பிராணி. உப்பு கெட்டியாகி வற்றிக்கொண்டிருக்கும் குட்டையில் அது எப்படி இருந்திருக்கும்? இந்த இரண்டையும் ஒரு மாணவர் தானாகச் சேர்த்துப் பார்க்கும்போது முகம் மாறும். அதற்காகத்தான் நான் இன்னும் பஸ் ஏறுகிறேன்.

இதைப் படத்தில் காட்ட முடியாதா? முடியும். ஆனால் எந்தப் படத்தைக் காட்டினாலும், குறுக்கே வெட்டும் இடத்தைத்தான் காட்டுவேன். பதிலை முன்னாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

2023 ஜூலை 12, சற்றுப் பிறகு
காரையிலிருந்து புதைபடிவங்களைச் சாக்கில் அள்ளி வருகிறவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். போட்டோ எடுங்கள், அளவுக்கு ஒரு நாணயம் வையுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத அம்மோனைட் அலமாரிப் பொம்மை.

2023 ஜூலை 15
இரண்டு நாளாக மேலே எழுதியதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'களத்துக்குப் போனால் தானாகப் புரியும்' என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் காரையில் ஆடு மேய்ப்பவர்கள்தாம் உலகின் தலைசிறந்த நிலவியலாளர்களாக இருக்க வேண்டும். (அவர்களுக்கு அந்த ஓடைகள் என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது வேறு விஷயம். எந்தப் பக்கம் மண் சரியும் என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.)

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் சிக்கர் முனை இருக்கிறது. செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் பாறை அடுக்குகள். அவற்றின் அரிபட்ட தலைமேல் லேசாகச் சாய்ந்து படுத்திருக்கும் சிவப்பு மணற்கல். மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் கடந்து போயிருப்பார்கள். 1788இல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் நண்பர்கள் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹாலோடு படகில் போய் அதைப் பார்த்தபோதுதான் அது சாட்சியானது. அடியில் இருப்பது படிந்து, இறுகி, நிமிர்ந்து, அரிந்து போவதற்கு எவ்வளவு காலம்! அதன்மேல் மறுபடி படிவதற்கு எவ்வளவு காலம்!

கவனிக்க வேண்டியது: பூமி மிக மிகப் பழையது என்ற தம் கருத்தை ஹட்டன் எடின்பரோ ராயல் சொசைட்டியில் 1785லேயே வாசித்துவிட்டார். கேள்வியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் படகில் ஏறினார்.

நமக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. திருப்பதி மலைப்பாதையில் கிரானைட் பாறைமேல், மணற்கல் இறுகி உருவான குவார்ட்சைட் அடுக்குகள் உட்கார்ந்திருக்கும் இடம். இரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகளின் படிவுகள் காணாமல் போயிருக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து எத்தனை பஸ்கள் அதைக் கடந்து போகின்றன! நாம் எல்லோரும் அடுத்த வளைவில் வாந்தி வராமல் இருக்க வேண்டுமே என்று கோவிந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆக, கேள்வி இல்லாத களப்பயணம் சுற்றுலாதான். நான் மாணவனாக இருந்தபோது போன ஒரு பயணம் அப்படிப்பட்டது. ஆசிரியர் பாறைமேல் ஏறி நின்று சொல்லச் சொல்ல நாங்கள் கீழே நின்று எழுதினோம். வகுப்பறைக்குக் கூரையைக் கழற்றிய மாதிரி. மாலையில் அணை, மறுநாள் தோட்டம், குழுப்படம். அறிக்கையை முந்தைய ஆண்டு அறிக்கையிலிருந்து எழுதி எல்லோரும் தேர்ச்சி பெற்றோம். இந்த மாதிரிப் பயணத்துக்குப் பதிலாகக் கணினித்திரை போதும் என்றால் எனக்கு மறுப்பு இல்லை.

2023 ஜூலை 22
கூகுள் எர்த் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் அதற்கு எதிரி அல்ல. மலைத்தொடர் எப்படி மடிந்திருக்கிறது, ஆறு எங்கே திடீரென்று திரும்புகிறது என்பதெல்லாம் மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். தரையில் நிற்பவனுக்கு முள்வேலியும் சோளக்கொல்லையும்தான் தெரியும். ஆய்வுத்துறையின் 'பூகோஷ்' தளத்தில் நிலவியல் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. போவதற்கு முன் ஒரு வாரம் அவற்றோடு உட்கார வைத்து, 'இந்த எல்லைக்கோட்டைத் தரையில் எங்கே தேடுவாய்?' என்று மாணவர்களையே திட்டம் போடச் சொல்கிறேன்.

அங்கே போனால் எல்லைக்கோட்டின்மேல் யாரோ பருத்தி போட்டிருப்பார்கள். பாறை எங்கும் தலைகாட்டாது. பிறகு கிணறு தோண்டிக் கொட்டிய மண்ணைப் பார்ப்பதா, ஓடைக்கரைக்குப் போவதா, வரப்பில் கிடக்கும் கல்லை நம்புவதா (அது வேறெங்கிருந்தோ வண்டியில் வந்திருக்கலாம்) என்று முடிவெடுக்க வேண்டும். வரைபடத்தில் வளைந்து வளைந்து அழகாகப் போகும் அந்தக் கோடு எத்தனை ஊகத்தின்மேல் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியவரும். வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பழக்கம் போவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, ஒரு தடவையாவது தானே ஒன்று போட்டுப் பார்ப்பது.

2023 ஆகஸ்ட் 24
நேற்று மாலை சந்திரயான்-3 இறங்கியதைப் பார்த்துவிட்டு இன்னும் தூக்கம் வரவில்லை. இந்த விவாத இழைக்குச் சம்பந்தம் இருக்கிறது, பொறுங்கள்.

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறை இருக்கிறது. நிலவின் மேட்டு நிலமும் பெரும்பாலும் இதே வகைப் பாறைதான். அதனால் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறையை அரைத்துச் சுமார் 50 டன் மண் தயாரித்து, இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் இஸ்ரோ சோதித்துப் பார்த்தது. அந்தப் பாறை அங்கே இருக்கிறது என்று முதலில் யாரோ நடந்து கண்டுபிடித்து வரைபடத்தில் குறித்ததால்தான் இது நடந்தது.

அப்பல்லோ கதை இன்னும் பொருத்தம். பணத்துக்குப் பஞ்சமில்லாத நாசா, நிலவுக்குப் போகவிருந்த விமானமோட்டிகளை வகுப்பறையில் மட்டும் வைத்து நிலவியல் கற்பித்திருக்கலாம். மாறாக, கால்டெக் பேராசிரியர் லீ சில்வர் போன்றவர்களோடு மலைகளுக்கும் பாலைவனத்துக்கும் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். 1971இல் அப்பல்லோ 15இன் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஸ்பர் பள்ளத்தின் ஓரத்தில், எத்தனையோ கற்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கல்லைப் பார்த்ததும் நாம் தேடிவந்தது இதுதான் என்று புரிந்துகொண்டார்கள். 400 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனார்த்தசைட்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. வண்டியில் திரும்பும் வழியில் குமிழித் துளைகள் நிறைந்த ஒரு கருங்கல் ஸ்காட்டின் கண்ணில் பட்டது. நேரமாகிவிட்டது, நிறுத்தாமல் வாருங்கள் என்பது பூமியிலிருந்து வந்த உத்தரவு. சீட்பெல்ட் சரியில்லை என்று சாக்குச் சொல்லி வண்டியை நிறுத்தி, இறங்கி அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்றும் அதற்குச் 'சீட்பெல்ட் பசால்ட்' என்றே பெயர். களத்தில் பழகியவனுக்குத்தான் அந்தத் திருட்டுத்தனம் வரும். என் மாணவர்கள் டீ குடிக்க வேண்டும் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டு ரோட்டோர வெட்டைப் பார்க்கப் போனால் நான் கோபிப்பதில்லை. உண்மையிலேயே டீதான் குடிக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

2023 ஆகஸ்ட் 26
'நிலா மண்ணும் நாமக்கல் மண்ணும் ஒன்று' என்று கீழே ஒருவர் பெருமைப்பட்டிருக்கிறார். ஒன்று அல்ல. கனிம வகையில் நெருக்கம், அவ்வளவுதான். சித்தம்பூண்டிப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. நிலவின் மண் விண்கற்கள் மோதி மோதிப் பொடியானது. அங்கே காற்றும் இல்லை, நீரால் அரிபடுவதும் இல்லை. இறங்கும் கலத்தைச் சோதிக்கப் போதுமான ஒற்றுமை இருக்கிறது. பெருமைப்பட அதுவே போதும்.

2023 செப்டம்பர் 10
அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப் பெயரைச் சொல்லி, 'களத்தைப் பார்க்காமலே அவர் சாதிக்கவில்லையா?' என்று ஒரு வாசகி என்னை மடக்கியிருக்கிறார். அந்த எடுத்துக்காட்டை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

அட்லாண்டிக் கடலடியின் நடுமலைத் தொடரில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் கண்டவர் தார்ப். ஆராய்ச்சிக் கப்பலில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவீடுகளை நியூயார்க் பக்கம் ஒரு மேசையில் உட்கார்ந்து வரைபடமாக்கிக்கொண்டிருந்தார். உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் அதைப் 'பெண்பிள்ளைப் பேச்சு' என்று ஒதுக்கினார். அதே ஆய்வுக்கூடத்தில் ஹோவர்ட் ஃபாஸ்டர் நிலநடுக்க மையங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது, நடுக்கங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே வரிசையாக விழுந்தன. தார்ப் கடலுக்குப் போனது 1960களின் பிற்பகுதியில்தான்.

ஆக, களத்தைப் பார்க்காமலே இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய நிலவியல் கண்டுபிடிப்புகளில் ஒன்று. இதற்கு நான் என்ன சொல்ல?

முதலில் தோன்றிய பதில்: அளவீடு எடுத்தது களத்தில்தானே. ஆனால் அது வக்கீல் வாதம். எடுத்தவர்கள் கண்ணில் படாதது எடுக்காதவர் கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டாவது பதில்: சந்தேகப்பட்ட பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ கடலுக்கடியில் கேமராவை இழுத்துப்போய்ப் பள்ளத்தாக்கைப் படமெடுத்து 1959இல் காட்டியபிறகுதான் பலர் நம்பினார்கள். இதுவும் தார்ப்பின் வேலையைக் குறைக்கவில்லை.

இப்போதைக்கு என் நிலை இது. தார்ப் யாரும் தேர்ந்தெடுத்துத் தராத, ஓட்டையும் இடைவெளியுமான அளவீடுகளோடு மல்லுக்கட்டினார். கப்பல் போகாத இடத்தில் என்ன இருக்கும் என்று அவரே முடிவு செய்தார். நான் காரையில் தேடுவதும் அதே பயிற்சியைத்தான். அதை வெயில் படாமலும் பெற முடியும் என்றால் என் வாதம் கொஞ்சம் சுருங்குகிறது. சுருங்கட்டும். இளநிலை மாணவருக்கு அப்படிப்பட்ட ஒழுங்கற்ற தரவை யார் மேசையில் தருகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. நாம் தருவதெல்லாம் விடை வரும்படி சீர்செய்த கணக்குகள்.

2023 செப்டம்பர் 11
அதே வாசகி கேட்டதில் நான் நேற்று தொடாமல் விட்ட பாதி: கப்பலில் ஏற்ற மறுத்ததற்கும், இன்று 'பெண்களை அழைத்துப்போனால் பொறுப்பு அதிகம்' என்று சொல்லிக் களத்தைத் தவிர்ப்பதற்கும் என்ன வித்தியாசம்?

அதிகம் இல்லை. நாள் முழுக்கக் கழிவறை இல்லாத இடத்தில் சுற்றவேண்டும் என்று தெரிந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வரும் மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். அரியலூர் வெயிலில் அது ஆபத்து. பாதையைத் திட்டமிடும்போதே பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க், சுண்ணாம்புக்கல் சுரங்க அலுவலகம் என்று நிறுத்தங்களைக் குறித்தால் தீர்கிற பிரச்சினை. யாரும் குறிப்பதில்லை, ஏனென்றால் பாதை போடுவது நாங்கள், ஆண்கள்.

நடக்க முடியாத மாணவருக்கு என்ன வழி? ரோட்டோர வெட்டு, சுரங்கத்தின் மேல்தட்டு, திருவக்கரைக் கல்மரப் பூங்கா போல வாகனம் பக்கத்தில் போகிற இடங்கள். திருவக்கரையில் கேட்க நல்ல கேள்வி இருக்கிறது: இத்தனை அடிமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றனவே, வேர் எங்கே, கிளை எங்கே? ஒன்றுமே இல்லை. அங்கேயே வளர்ந்த காடா, வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்ததா? இதை யோசிக்க மலை ஏற வேண்டியதில்லை. 'எவ்வளவு கஷ்டப்பட்டாயோ அவ்வளவு கற்றாய்' என்று எங்கள் துறையில் ஒரு வீம்பு உண்டு. கால் கொப்புளத்துக்கும் பாறைக்கும் சம்பந்தம் இல்லை.

2023 நவம்பர் 3
திசை மாறுகிறது, பரவாயில்லை. டைனோசர் முட்டை பற்றிக் கேட்டவருக்கு: 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று வாட்ஸாப்பில் பரவியது. நிலவியலாளர்கள் போய்ப் பார்த்து, அவை கடல்பிராணியான அம்மோனைட்டோடு தொடர்புள்ள படிவு உருண்டைகள் என்றார்கள். அரியலூர் வட்டாரத்தில் டைனோசர் எலும்பு கிடைத்திருப்பது உண்மை, கல்லமேட்டில். ஆனால் உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை அல்ல. படத்தை அனுப்பி 'இது என்ன?' என்று கேட்பவர்களுக்கு நான் திரும்பக் கேட்பது: எதற்குள் இருந்தது? கடல் களிமண்ணுக்குள்ளா, ஆற்றுமணலுக்குள்ளா? பெரும்பாலும் பதில் வருவதில்லை. கல்லைக் கழுவி, மேசைமேல் வைத்துப் படமெடுத்திருப்பார்கள்.

2023 டிசம்பர் 2
பணம் கட்டியாகிவிட்டது, என்ன கொடுத்தனுப்ப என்று மாணவியின் தந்தை கேட்கிறார். முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, பிடிப்புள்ள பழைய ஷூ (புதிது வாங்காதீர்கள், கடிக்கும்), தண்ணீர், உப்பு-சர்க்கரைப் பொட்டலம். பென்சில் அவசியம், ஜெல் பேனா வியர்வை பட்டால் ஓடிவிடும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று சொந்தமாக வாங்கிக் கழுத்தில் கயிற்றில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், இரவல் லென்ஸ் வரிசையில் நின்றே பாதிநாள் போகும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லைத்தான் அருகில் கொண்டுவர வேண்டும். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கைவிட்ட குவாரிகளில் நிற்கும் தண்ணீரில் இறங்கவே கூடாது. ஆழமும் தெரியாது, ஏற விளிம்பும் இருக்காது.

2024 ஜனவரி 17
சென்னையில் இருக்கிறேன், லீவு கிடைக்காது, எங்கே தொடங்குவது என்று கேட்டவருக்கு.

பல்லாவரத்தில் தொடங்கலாம். தாமஸ் ஹாலந்து 1900இல் விரிவாக எழுதிய சார்னோக்கைட்டின் மூல இடம் அதுதான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இதே பாறை என்பதால் அந்தப் பெயர். ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். ஆய்வுத்துறையின் நிலவியலாளர், பாறை பார்க்கப் போனவர் கண்ணில் கற்கருவி பட்டது. அங்கே தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்த பகுதியில் சுத்தியல் எடுக்காதீர்கள், தடை.

அதற்கும் நேரமில்லை என்றால், உங்கள் தெருவில் யாராவது வீடு கட்டுவார்கள். வாசலில் கொட்டியிருக்கும் கருங்கல் ஜல்லியைப் பாருங்கள். சென்னைச் சுற்றுவட்டாரக் குவாரிகளிலிருந்து வருவதில் சார்னோக்கைட் நிறைய இருக்கும், அதுவும் எல்லாப் பக்கமும் புதிதாக உடைந்த பரப்போடு. இருபது துண்டு எடுத்து, பெயர் எதுவும் சொல்லாமல், உங்களுக்குத் தோன்றுகிறபடி வகை பிரியுங்கள். ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள், பேசலாம். மேஸ்திரி சத்தம் போட்டால் திருப்பி வைத்துவிடுங்கள். ஜல்லி இப்போது விலை அதிகம்.